பதினேழும் போகலை

"இந்த எண் எதால வகுபடும்னு கொஞ்சம் உடைச்சுப் பாரேன். எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது."

கணக்கு வாத்தியார் ஒரு காகிதத்தை மனைவியின் மடியில் வைத்தார்.

ஆபரேஷன் தியேட்டர் கதவு அப்போதுதான் மூடியிருந்தது. உள்ளே அவர்களுடைய கைக்குழந்தை. இதயத்தில் ஓட்டை, அடைக்கப் போகிறார்கள். சாயங்காலம் ஆகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பக்கத்தில் இருந்த அவளுடைய அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் மாப்பிள்ளை, பெத்தவ வயிறு இங்கே பத்தி எரியுது. உங்களுக்கு இப்பதான் கணக்கு கேக்குதா?"

வாத்தியார் மனைவியிடம் பேனாவையும் நீட்டினார்.

அவள் காகிதத்தைப் பார்த்தாள். 1002902710819. சரக்கு ரயில் மாதிரி நீண்டு கிடந்தது. கிழித்து எறியத்தான் கை போனது. ஆனால் கதவைப் பார்த்தால் மூச்சு முட்டியது. எண்ணைப் பார்த்தால் அவ்வளவு முட்டவில்லை.

இலக்கங்களைக் கூட்டினாள். நாற்பது.

"மூணு போகாது."

"சரியா கூட்டினியா?"

"நாற்பதில மூணு எப்படிங்க போகும்?"

ஏழால் வகுத்தாள். கான்வென்டில் கணக்கு சிஸ்டர் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திக் கற்றுக்கொடுத்த வகுத்தல். பயத்திலும் கை மறக்கவில்லை. ஏழு போகவில்லை. பதினொன்றும், பதின்மூன்றும் அப்படியே.

"நீயுமாடி?" என்றாள் அக்கா. "ஜாடிக்கேத்த மூடி!"

பதினேழு. கடைசி இலக்கத்தை இறக்கினாள், கழித்தாள். பேனா ஒரு கணம் நின்றது.

நிமிர்ந்தாள். வாத்தியார் குழந்தையின் தொப்பியை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததைப் பிரித்தார். மறுபடி மடித்தார்.

"என்ன, நின்னுட்டே?"

"ஒண்ணுமில்லீங்க. பதினேழும் போகலை."

"அப்ப பத்தொன்பது பாரு."

"பக்கத்துல வந்து உட்காருங்க. பத்தொன்பதாம் வாய்ப்பாடு எனக்கு மறந்துபோச்சு. நீங்க சொல்லுங்க, நான் போடறேன்."

அவர் வந்து உட்கார்ந்தார். தொப்பி மடியில் கிடந்தது. "ஓர் பத்தொன்பது பத்தொன்பது, ஈர் பத்தொன்பது முப்பத்தெட்டு..."

"இதுவும் போகலைங்க. இருபத்துமூணு சொல்லுங்க."

"என்னமோ போங்க" என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் வெளியே வந்தபோது வாய்ப்பாடு நூறைத் தாண்டியிருந்தது.

"ஓட்டையை அடைச்சாச்சு. குழந்தை நல்லா இருக்கு. கொஞ்ச நேரத்துல பார்க்கலாம்."

மூன்று பேரும் அழுது முடித்தார்கள். அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப சொல்லுங்க மாப்பிள்ளை. அந்த எண் உடையலைன்னா குடியா முழுகிப் போயிடும்?"

"அது லேசில உடையாதுக்கா. நான் செஞ்ச எண்தான் அது" என்றார் வாத்தியார் மெதுவாக. "பத்தாயிரத்து ஏழு, பத்தாயிரத்து ஒன்பது, பத்தாயிரத்துப் பதிமூணு. மூணுமே எதாலும் வகுபடாத பகா எண். மூணையும் பெருக்கினேன். பத்தாயிரத்துக்குக் கீழே எதைப் போட்டாலும் மீதி வரும். நாள் பூரா வகுக்கலாம். இல்லேன்னா இவ அந்தக் கதவையே பார்த்துப் பார்த்து மயங்கி விழுந்திருப்பா."

"தப்பா நினைச்சுட்டேன் மாப்பிள்ளை" என்றாள் அக்கா.

மனைவி காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் பகா எண் பிசகாத மனிதர். 'பிடிபடவில்லை' என்று அவர் கொடுத்த எண், பதினேழிலேயே மீதியில்லாமல் போய்விட்டது. தன்னைவிட அதிகமாக நடுங்குவது யார் என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

அப்போதுதான் அவளுக்குப் பத்தொன்பதாம் வாய்ப்பாடு மறந்துபோனது.