மூன்றாவது தடவை

பட்டறைக்கு வந்து நின்ற அந்தப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை மெக்கானிக் மாரப்பனுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவன் தங்கை சரசாத்தாளை அடித்துப்போட்டுவிட்டு நிற்காமல் போன வண்டி. கேஸ் ஒன்றுமில்லாமல் போயிற்று. கோர்ட்டில் எதிரே உட்கார்ந்திருந்த மாரப்பனை, வண்டிக்காரன் நந்தகோபாலுக்கு இப்போது அடையாளமே தெரியவில்லை.

“நடுங்குதுங்க. அறுவதத் தாண்ட மாட்டேங்குது. நாளைக்குக் கோத்தகிரி மலைக்குப் போகோணும்,” என்றான் நந்தகோபால்.

மாரப்பன் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை எஞ்சின்மேல் நகர்த்தினான். காற்று உள்ளே போகும் இடத்தில் ஒரு சீறல் கேட்டது. காற்றை அடைக்கும் ரப்பர் சீல்கள் காய்ந்து வெடித்திருந்தன. இத்தனை நாள் வேகம் ஏறவிடாமல் இவன் உயிரைக் காப்பாற்றியது இந்த ஓட்டைதான் என்று நினைத்துக்கொண்டான்.

பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்தான். புது சீல்களை வைத்து ஒவ்வொரு நட்டாக முடுக்கினான். இவ்வளவு சுத்தமாக அவன் எந்த வண்டிக்கும் வேலை செய்ததில்லை. எஞ்சின் உறுமியது. நந்தகோபால் சிரித்தான்.

சக்கரத்தின் இடைவெளியில் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தது. அப்படிப்பட்ட வண்டியை மாரப்பன் சும்மா விடமாட்டான். ஒரு தடவை சொல்வான். மறுத்தால் மறுபடி சொல்வான். மூன்றாவது தடவை சாவியை இடுப்பில் செருகிக்கொள்வான். எத்தனை பேர் திட்டியும் மாறாத பழக்கம்.

“பிரேக்கு தேஞ்சிருக்குதுங்க. மாத்தீரலாமுங்களா?”

“வந்து பாத்துக்கலாம், உடுங்க.”

மாரப்பன் சாவியை நீட்டினான்.