மஞ்சள் வைத்த புடவை

“இந்தத் தடவை நான் வாயே திறக்கப் போறதில்ல. உங்க அம்மாவுக்கு நீங்களே பார்த்து எடுங்க” என்று கடைப்படி ஏறும்போதே சொல்லிவிட்டாள் ஆர்த்தி.

தேரடி வீதி ஜவுளிக்கடையில் கார்த்திகை தீபத்துக்குப் புதுத்துணி எடுக்கும் கூட்டம் நெரிந்தது. கலையரசன் படியிலேயே நின்றுவிட்டான். புடவையைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அது நீளமாக இருக்கும் என்பது மட்டும்தான்.

அப்பாவுக்கு வேட்டி எடுத்தாகிவிட்டது. அவருக்கு எதைக் கொடுத்தாலும் கட்டிக்கொள்வார். கஷ்டமெல்லாம் அம்மா காசியம்மாளோடுதான்.

“இப்படிச் சொன்னா எப்படி ஆர்த்தி? அம்மாவுக்கு எது பிடிக்கும்னு உனக்குத்தானே தெரியும்?”

“தெரிஞ்சிருந்தா வருஷா வருஷம் வேணாம்னு தள்ளுவாங்களா? போன தீபத்துக்குக் கத்திரிப்பூ கலர் எடுத்தோம். ‘பளபளப்பு ஜாஸ்தி, என் வயசுக்கு இதைக் கட்டினா ஊரு சிரிக்கும்’னாங்க. அதுக்கு முந்தி சந்தன கலர். ‘ஏம்மா, கடையிலயே துவைச்சுக் குடுத்துட்டாங்களா’ன்னு கேட்டாங்க.”

கலையரசனுக்குச் சிரிப்பு வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

“பிடிக்கலைன்னா பிரிச்சுப் பார்த்ததும் சொல்லலாம் இல்ல? மொதல்ல ஓடிப்போய் மூலையில மஞ்சளை வெச்சிடறாங்க. அப்புறம்தான் குறையே ஆரம்பிக்கும். மஞ்சள் பட்ட புடவையை எந்தக் கடையில திருப்பி வாங்குவாங்க? கடைசியில ‘நீயே கட்டிக்க’ன்னு என்கிட்ட தள்ளிடறாங்க. அவங்க பழசைக் கட்டிக்கிட்டு வந்து நிக்கறாங்க. அவங்க ஒதுக்கினதைக் கட்டிக்கிட்டு நான் பக்கத்துல நிக்கறேன்.”

அவள் குரல் இறங்கியது.

“புடவை பிடிக்கலைன்னா பரவாயில்லைங்க. அதை எடுத்த என்னைத்தான் பிடிக்கலையோன்னு தோணுது.”

புதுத்துணியில் மஞ்சள் வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். காசியம்மாளுக்கு அதில் வேகம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் இதை மனைவியிடம் சொல்லும் தைரியம் கலையரசனுக்கு இல்லை.

பேச்சை மாற்ற, “உனக்கு ஏதாவது எடுக்கணுமா?” என்று கேட்டு வைத்தான்.

“எனக்கு எதுக்கு? அதான் இருக்குதே.”

ஒவ்வொரு வருஷமும் அவன் கேட்பான், அவளும் இதையே சொல்வாள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மனைவி சொல்லை அவன் தட்டியதே கிடையாது.

திடீரென்று அவனுக்கு ஒரு யோசனை வந்தது.

“ரெண்டு புடவை எடுத்துட்டுப் போவோம். எது பிடிக்குதோ அதை அம்மாவே வெச்சுக்கட்டும். இன்னொண்ணை நாளைக்கே திருப்பிக் குடுத்துடலாம்.”

கடைக்காரர் யோசிக்கவே இல்லை. “தாராளமா எடுத்துட்டுப் போங்க சார். மஞ்சள், குங்குமம் மட்டும் படாம பார்த்துக்கங்க” என்றார். இந்த ஊரில் எத்தனை மாமியார்களைப் பார்த்திருப்பார் அவர்.

ஆர்த்தியின் சபதம் அதோடு முடிந்தது. அவன் கை ஒரு மயில்நீலத்தை நோக்கிப் போவதைப் பார்த்ததுமே தாங்க முடியாமல் குறுக்கே வந்து, அரக்கில் ஒன்றும் இலைப்பச்சையில் ஒன்றும் அவளே எடுத்தாள்.

அடி அண்ணாமலையில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான் கலையரசன். ஆர்த்தி புடவைப் பையைக் கூடத்தில் வைத்துவிட்டுக் கால் கழுவப் பின்பக்கம் போனாள். அவன் அப்பாவிடம் வேட்டியைக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசிக்கொண்டிருந்தான். அதற்குள் உள்ளே பிளாஸ்டிக் பை சரசரக்கிற சத்தம் கேட்டது.

“அம்மா, இரு. மஞ்சள் வைக்காத” என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினான்.

காசியம்மாள் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு புடவையின் மூலையிலும் மஞ்சள் ஈரமாக இருந்தது.

“ரெண்டுலயும் வெச்சிட்டியா?”

“வெச்சிட்டேன். இன்னாத்துக்குடா இப்படி ஓடி வர்ற?”

பின்னால் வந்த ஆர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். இனி இரண்டுக்கும் குறை வரும், இரண்டையும் தன்னிடமே தள்ளுவார்கள். அவளுக்கு அழுகை முட்டியது.

காசியம்மாள் அரக்குப் புடவையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றாள். இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். கணவனும் மனைவியும் மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள்.

“எனக்கு இது. நல்லா இருக்குது.”

கலையரசனால் நம்ப முடியவில்லை. அவனே குறையை எடுத்துக் கொடுத்தான்.

“கலரு கொஞ்சம் அடிக்கலையா?”

“அரக்குன்னா அப்படித்தான் இருக்கும்.”

“பார்டர் ரொம்பப் பெருசா இல்ல?”

“இன்னாடா நீ, கட்டப் போறவளுக்கே பிடிச்சுப் போச்சு. உனக்கு இன்னா?”

“அத்தை, நெஜமாவே பிடிச்சிருக்கா?” ஆர்த்தி கிட்டே வந்து கேட்டாள்.

“பிடிக்காம என்ன? நீ எடுத்தது எது நல்லா இல்லாம போச்சு? அந்தக் கத்திரிப்பூ கலரை இன்னும் மனசுல வெச்சிருக்கேன்.”

கலையரசன் குழம்பிப் போனான். “அப்புறம் ஏம்மா வருஷா வருஷம் அது நொட்டை, இது நொள்ளைன்னு சொல்லிட்டிருந்த?”

காசியம்மாள் இலைப்பச்சைப் புடவையை மருமகளின் கையில் வைத்தாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள்.

“எந்த வருஷம்டா நீ ரெண்டு எடுத்துட்டு வந்த? ஒண்ணே ஒண்ணைக் கொண்டாந்து என் கையில குடுத்தா, குறை சொல்லித் தள்ளாம இவ எப்படிடா புதுசு கட்டுவா?”