நாளைக்கு ஊர்வலம்

“வுட்டுடாத... வுட்டுடாத... கெட்டியா புடிச்சிக்கோ.”

“புடிச்சிகினுதான் கீறேன். கீழ பாக்காத, நேரா பாரு.”

நேராகப் பார்த்து என்ன பிரயோஜனம். சைக்கிள் நாலு முழம் ஒழுங்காகப் போனது. பிறகு நெளிந்து வளைந்து, கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் மைதானத்துச் சவுக்கு வேலியில் முட்டிச் சாய்ந்தது.

“அழக் கூடாது. ஊதி வுட்டா சரியாப் பூடும். எந்திரி, இன்னொரு வாட்டி.”

விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை, ஜெகதீசனின் மகள் ஸ்வாதி படிக்கும் நர்சரியில் சைக்கிள் ஊர்வலம். ஒவ்வொரு குழந்தையும் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு, ஆளுக்கொரு சைக்கிளில், தெருமுனையிலிருந்து பள்ளி மேடை வரை வர வேண்டும் என்று மிஸ் சொல்லிவிட்டார்.

ஸ்வாதிக்கு நாலு வயது. அத்தனை பேர் முன்னால் சைக்கிள் கவிழ்ந்து, மற்ற வாண்டுகள் கைகொட்டிச் சிரித்தால் அந்தப் பிஞ்சு முகம் சுருங்கிப்போகும். அதை அவனால் தாங்க முடியாது.

இத்தனைக்கும் ஜெகதீசன் லேசுப்பட்ட ஆளில்லை. சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து விவசாயக் குடும்பம். பத்து வயதில் நேராக டிராக்டரில் ஏறியவன். இன்றைக்குச் சிறுசேரி கம்பெனி பஸ்ஸைச் சந்து பொந்தெல்லாம் அநாயாசமாகத் திருப்புகிறான். அப்பேர்ப்பட்டவனை ஒரு சைக்கிள் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது.

நேற்றுச் சாப்பிடும்போதே மனைவி ஜெயப்பிரியா பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இங்கே அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன் வேலை.

“ஞாயித்திக்கெழம எனக்கு டூட்டி. நீங்கதான் போவணும். ஒரு வாரமா மைதானமே கதின்னு கீறீங்களே, தேறிடுமா?”

“மிஸ் சொன்ன மாதிரியேதான் போய்கினு கீது. மொதல்ல பெடலக் கழட்டிட்டு, காலால தள்ளித் தள்ளிப் போறது. அப்பால பெடல மாட்டியாச்சி. இப்ப பின்னாடி புடிச்சிகினா ஓடுது.”

“கொழந்த மேல ஒரு கீறல் கூட இல்ல. உங்க முட்டில மட்டும் இன்னாங்க இவ்ளோ பெரிய பிளாஸ்திரி?”

“ஓடும்போது தடுக்கிடுச்சி.”

ஜெயப்பிரியா சிரிப்பை அடக்கிக்கொண்டு ரசத்தை ஊற்றினாள். நல்லவேளை, மேற்கொண்டு துருவவில்லை என்று அவன் சோற்றைப் பிசைந்தான்.

இப்போது வெயில் ஏறிவிட்டது. கடல் காற்று வேறு பக்கவாட்டில் தள்ளியது. இன்றைக்கு இதுதான் கடைசித் தடவை.

“வுட மாட்டியே?”

“மாட்டேன். மிதி, மிதி.”

சைக்கிள் நகர்ந்தது. ஹேண்டில்பார் ஒரு ஆட்டம் ஆடித் தானாக நிமிர்ந்தது. வேலியைத் தாண்டியாயிற்று, தண்ணீர்த் தொட்டியையும் தாண்டியாயிற்று.

ஜெகதீசனால் நம்பவே முடியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. நாளைக்கு மானம் பிழைத்தது.

“புடிச்சிகினுதான கீற?”

சைக்கிள் இன்னும் பத்து முழம் ஓடியது.

“புடிச்சிகினு கீறியா, இல்லியா?”

வெகு தூரத்தில், புறப்பட்ட இடத்திலிருந்தே, ஸ்வாதியின் குரல் கேட்டது.

“நான் அப்பவே கைய வுட்டுட்டேன், அப்பா.”