கேட் திறந்த நேரம்

நிழல் நகர நகர அண்ணனையும் நகர்த்தி வைத்தார்கள்.

இப்போது நகர்த்த நிழலே இல்லை. மணி ஒன்று.

பைக் விபத்து. பெரியாஸ்பத்திரியில் அறுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, மூன்றாம் நாளான இன்றைக்குத்தான் கொடுத்தார்கள். அண்ணி துண்டை வீசி ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். பத்து மணியிலிருந்து கையைக்கூட மாற்றவில்லை.

அவர்களுக்கு முன்னால் கம்பெனியின் இரும்புக் கேட். பூட்டியிருந்தது.

கேட்டுக்கு அந்தப் பக்கம் தேயிலை. தேயிலைக்கு நடுவில் ஒரு துண்டுக் காடு. மலைப் பழங்குடிகளான அவர்களின் பதிகளில், அந்தச் சிறு ஊர்களில், முன்னால் செத்தவர்கள் எல்லோரும் அங்கேதான் மண்ணுக்குள் இருக்கிறார்கள். அறுபது வருடத்துக்கு முன்னால் கம்பெனி வந்து அதையும் சேர்த்து வேலி போட்டது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அதே கம்பெனி, செய்தது தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. பதினோரு வாக்குறுதிகள் கொடுத்தது.

ஆறாவது இது: சாவு என்று சொன்னால் நான்கு மணி நேரத்துக்குள் கேட் திறக்கப்படும்.

சொன்னது காகிதத்திலேயே கிடந்துவிடக் கூடாது என்று, பதியில் கம்ப்யூட்டர் படித்த மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு செயலி செய்தார்கள். அண்ணனின் தங்கையான அவள்தான் மூவரில் மூத்தவள். எந்த வாக்கு எப்போது நடந்தது, எது நடக்கவில்லை, எல்லாம் அதில் ஏறும். நடந்தால் பச்சை. மீறினால் சிவப்பு. கம்பெனியும் பார்க்கலாம். மலையில் இருக்கும் ஒன்பது பதிக்காரர்களும் பார்க்கலாம்.

ஏறியதை யாரும் தொடக் கூடாது. முதல் நாளே மூவரும் பேசி வைத்தது.

அண்ணன்தான் பதி பதியாக நடந்துபோய்ச் சொன்னார். "நம்ம பொண்ணுக செஞ்சது. பொய் சொல்லாது."

இன்று காலை ஆறு மணிக்கு, பிணவறை வாசலில் நின்று, அவளே கோரிக்கை அனுப்பினாள். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் அண்ணன் பெயரை அடிக்கும்போது ஓர் எழுத்து தப்பியது. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள்.

பத்து மணிக்குச் சிவப்பு விழுந்தது.

தோட்ட அதிகாரி பிரேம்நாத்தைப் பதினேழு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. ஒன்றேகாலுக்கு அவரே கூப்பிட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"சாரி மேடம், காலைலேர்ந்து ஒரே ஓட்டம். சென்னைலேர்ந்து டைரக்டர்ஸ் வந்திருக்காங்க. ரெண்டு மணிக்கு உங்க ஆப்பைத்தான் பெரிய ஸ்கிரீன்ல போட்டுப் பாக்கப்போறாங்க."

"கேட்டைத் தெறக்கச் சொல்லுங்க சார்."

"சொல்றேன். நீங்க அந்தச் சிவப்பை மட்டும் எடுத்துடுங்க. எட்டு மணிக்கே திறந்ததாப் போட்டுடுங்க. போட்டதும் வாட்ச்மேன் சாவியோட வந்துடுவான்."

"மொதல்ல தெறங்க சார். மூணு நாளாச்சு."

"அதைத்தான் மேடம் நானும் சொல்றேன். மூணு நாளாச்சு. ஏன் லேட் பண்றீங்க?"

வைத்துவிட்டார்.

நாற்பது பேர் அவளையே பார்த்தார்கள்.

பூட்டை உடைக்கலாம். போன வருடம் உடைத்த இரண்டு பேர் இன்னும் கோர்ட்டுக்கு அலைகிறார்கள்.

வாடை வர ஆரம்பித்திருந்தது. தெரியாத மாதிரி எல்லோரும் இருந்தார்கள். ஒருவர் மட்டும் மெல்ல எழுந்துபோய்த் தள்ளி உட்கார்ந்தார்.

அண்ணி அதைப் பார்த்தாள். துண்டு நின்றது.

"போட்டுரு புள்ள. இதுக்கு மேல அவரு தாங்கமாட்டாரு."

தங்கை கடவுச்சொல்லை மூன்று முறை தப்பாக அடித்தாள். நான்காவது முறை உள்ளே போனது.

கேட் திறந்த நேரம்: 8:00.

நம்பும்படி இருக்கட்டும் என்று 8:10 ஆக்கினாள்.

பச்சை.

வாட்ச்மேன் ஆறே நிமிடத்தில் வந்தான். வளைவுக்கு அப்பால் இவ்வளவு நேரமும் பைக்கில் உட்கார்ந்திருந்திருக்கிறான். அவர்கள் முகத்தைப் பார்க்காமல் திறந்துவிட்டான்.

குழி வெட்ட வெட்ட வேர். நேரம் பிடித்தது. அண்ணனை மண்ணுக்குள் வைத்து, தலைமாட்டில் ஆற்றுக் கல் ஒன்றை நட்டார்கள். அண்ணி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள்.

தங்கை தனியாக நின்றாள். அழுகை வந்தது. எதற்கு என்று தெரியாமல் அடக்கிக்கொண்டாள்.

நாலரைக்கு எல்லோரும் வெளியே வந்தார்கள். வாட்ச்மேன் பூட்டினான். இழுத்துப் பார்த்தான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் கீழே இறங்கிப் போனான்.

அவளுக்கு பிரேம்நாத்திடமிருந்து கைகூப்பும் படம் ஒன்று வந்திருந்தது. அதை அழிக்கப் போனபோது ஃபோன் அடித்தது.

மேல்சோலைப் பதி ரங்கி. மூச்சு வாங்கினாள். பின்னால் பலருடைய காலடி கேட்டது.

"அக்கா, மத்தியானம் எங்கப்பன் போயிட்டாரு. தெறக்கவா போறாங்கன்னு, எப்பவும்போல ரோட்டோரமாப் பொதைச்சிரலாம்னுதான் இருந்தோம். அப்பறம் செல்லுல பாத்தோம். அண்ணனுக்கு ரெண்டே மணி நேரத்துல தெறந்துட்டாங்கல்ல? அதான் நானும் அனுப்பிட்டு, தூக்கிட்டுக் கெளம்பிட்டோம். ஆத்தையும் தாண்டியாச்சு."

அவள் பூட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா? தெறப்பாங்கதான?"