மீதி எட்டு கிலோமீட்டர்

“பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கக்கா. விளக்கு அணைஞ்சு அரை மணி நேரம் ஆச்சு. உங்களைப் பார்த்தா எனக்கே மூச்சு முட்டுது.”

ஜன்னலோர இருக்கைக்காரர் விமானத்தில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து வாயை மூடவில்லை. அவள் மனதுக்குள் அவருக்கு ‘வானொலி’ என்று பெயர் வைத்துவிட்டாள்.

“இருக்கட்டும் தம்பி. இப்படி இருந்தாத்தான் எனக்கு நிம்மதி.”

“பயப்படாதீங்க. நான் லிஃப்ட் விக்கிறவன். மேல போறது, கீழ வர்றது ரெண்டும் அத்துப்படி. பதினோராயிரம் கிலோமீட்டர், பதிமூணு மணி நேரம். சாப்பிட்டுட்டு ஒரு தூக்கம் போட்டா ஊர் வந்துடும். முதல் தடவையா?”

“அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்ததில்லை.”

“அங்கே யார் இருக்காங்க?”

“பொண்ணு. டிக்கெட் எடுத்துட்டு ரெண்டு தடவை விமான நிலையத்து வாசலோட திரும்பிட்டேன். அவளுக்கு நம்பிக்கையே விட்டுப்போச்சு. ‘நீ இறங்கிட்டுக் கூப்பிடும்மா, அப்புறம்தான் வீட்டை விட்டுக் கிளம்புவேன்’னு சொல்லிட்டா.”

வானொலி விழுந்து விழுந்து சிரித்தார். கழிவறைக்குப் போனவள் திரும்பி வரும்போது அவசர வழியிலிருந்து இருக்கைகளின் முதுகை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு மறுபடியும் சிரிப்பு.

“இடம் மறந்துடும்னு பயமாக்கா? நான் கையைத் தூக்கிக் காட்டியிருப்பேனே!”

அவளும் சிரித்துவைத்தாள்.

சாப்பாடு முடிந்து அவர் குறட்டை விட ஆரம்பித்தார். அவளுக்குத் தூக்கம் வரவில்லை. எதிரே திரையில் ஒரு குட்டி விமானம் எறும்பு மாதிரி கடலைக் கடந்தது, மலையைக் கடந்தது. போக வேண்டிய தூரம் ஆயிரக்கணக்கில் இருந்தவரை அவள் அதைச் சட்டை செய்யவில்லை. நூற்றுக்குக் கீழே வந்ததும் கண்ணை அங்கேயே நட்டுவிட்டாள். எப்படியாவது மகளிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இந்தத் தடவையாவது.

வானொலி விழித்துக்கொண்டார். திரையை எட்டிப் பார்த்தார்.

“அட, இன்னும் எட்டு கிலோமீட்டர்தான்! இறக்கிவிட்டா நடந்தே போயிடலாம்க்கா.”

அவள் பெல்ட்டை இன்னும் ஒரு இழுப்பு இறுக்கினாள். அந்த எட்டு நகரவே இல்லை போலிருந்தது.

பிறகு நகர்ந்தது.

“ஏழு!” என்று கத்தியே விட்டாள். முன்னாலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “ஏழு தம்பி, ஏழு! இதோ பாருங்க, ஆறு!”

சக்கரம் தரையைத் தொட்டபோது அவள் ஒருத்திதான் கைதட்டினாள். உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினாள். விமானம் நின்றதும் முதல் வேலையாகக் கைபேசியை எடுத்தாள்.

“இறங்கிட்டேன்டி. கிளம்பு!”

மறுமுனையில் மகள் ஓவென்று அழுதது வானொலிக்கே கேட்டது.

“என்னக்கா இது? ஊர் உலகத்துல யாருமே விமானத்துல வந்ததில்லையா? அம்மாவும் பொண்ணும் இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்றீங்க!”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து எழுந்தாள்.

“ஆறு வருஷத்துக்கு முன்னாடி நானும் என் வீட்டுக்காரரும் இதே ஊருக்குத்தான் கிளம்பினோம் தம்பி. திரையில எட்டுன்னு காட்டினப்போ விமானம் விழுந்துடுச்சு. அத்தனை பேர்ல பிழைச்சவ நான் ஒருத்திதான்; கண்ணு முழிச்சப்போ நம்ம ஊர் ஆஸ்பத்திரியில கிடந்தேன். அந்த மீதி எட்டையும் இன்னிக்கு முடிச்சுட்டேன்.”