அரக்கன் படம் போட்ட டப்பா

தேனி கம்ப்யூட்டர் கடையின் கண்ணாடி மேசைமேல் இரண்டு கிராபிக்ஸ் கார்டு டப்பாக்கள் இருக்கின்றன. பெரியதில் வாள் ஓங்கிய அரக்கன் ட்யூப்லைட் வெளிச்சத்தில் மினுங்குகிறான். சின்னது வெறும் சாம்பல் நிறம். "பெருசுக்கு வெலையும் கூட, மெமரியும் ரெட்டிப்பு. ஆனா ஓட்டம் மந்தம் தம்பி. ஒங்க காசுக்கு இந்தச் சின்னதுதான் பறக்கும்" என்று கடைக்காரர் நைனார் பாய் தணிந்த குரலில் சொல்கிறார். ஜான் பீட்டர் தலையசைக்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலோடு திலீபன் நுழைகிறான். சின்னமனூரில் பீட்டரோடு கூட்டாக நடத்திய கேம் சென்டரிலிருந்து பிரிந்துபோய் எதிரிலேயே கடை போட்டவன். "பீட்டர் மெஷின்ல ரேஸ் காரும் மாட்டுவண்டியாத்தான் போகும்" என்று சொல்லிச் சொல்லியே பையன்களை இழுத்துக்கொண்டவன். பீட்டர் எது வாங்கினாலும் அதைவிடப் பெரிதாக வாங்காமல் அவனுக்குத் தூக்கம் வராது. பீட்டரின் விரல் அரக்கன்மேல் மெல்ல ஊர்ந்து, வாளின் நுனியில் தயங்கி நிற்கிறது. நீளமாக ஒரு பெருமூச்சு. "ஆசையெல்லாம் இதுமேலதான் பாய். நமக்குக் கட்டுபடியாகாது, சின்னதையே குடுங்க." பாய் அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு பில் போடுகிறார். சாம்பல் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பீட்டர் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டுகிறான். உள்ளே காற்றாடி கடகடக்கிறது. அதையும் மீறித் திலீபனின் குரல் கேட்கிறது: "அந்த அரக்கன் படம் போட்டத இங்கன எடுங்க பாய். எத்தன இருக்கு?" பீட்டர் குனிந்து, மாட்டிய செருப்பைக் கழற்றி, மறுபடியும் நிதானமாக மாட்டுகிறான்.