இரண்டாண்டுக் கையிருப்பு

“மூணாவது சொம்பு. அது சேமிப்புத் தண்ணி, ஞாபகம் இருக்கா?”

பின்னறையின் வாசலில் நின்றபடி அவர் கேட்டார். பீப்பாயின் குழாயடியில் குந்தியிருந்த அவர் மனைவி, சொம்பை வாயிலிருந்து எடுக்காமலே தலையை அசைத்தாள். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“வெயில் கொளுத்துதுங்க. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது.”

“கஷ்டகாலம் வந்தே மூணு நாள்தான் ஆகுது. அதுக்குள்ள நாமளே வரம்பு மீறினா எப்படி?” என்றவர், சுவரில் தொங்கிய அட்டையில் ஒரு கோடு இழுத்தார்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு நூற்பாலையின் கிடங்கைக் கட்டிக் காத்தவர் அவர். ஓய்வு பெற்றதும், உலகம் என்றேனும் ஒரு நாள் கவிழத்தான் போகிறது என்று உறுதிகொண்டு, வீட்டின் பின்னறையையே கிடங்காக்கிவிட்டார். அரிசி, பருப்பு, உப்பு, விதை, தீப்பெட்டி, கைப்பம்புக்கு வேண்டிய தோல் வாஷர் ஈறாக, இருவருக்கு இரண்டாண்டுக்குக் காணும். தெருவார் அவருக்குப் ‘பிரளயம்’ என்று பெயர் சூட்டி மகிழ்ந்தனர்.

இப்போது பிரளயம் வந்தேவிட்டது. வங்கிகள் கதவடைத்தன, லாரிகள் நின்ற இடத்திலேயே நின்றன, மின்சாரம் நாளுக்கு இரண்டு மணி நேரமே எட்டிப் பார்த்தது. சென்ற வாரம்வரை, “கப்பல்ல எனக்கொரு சீட்டுப் போட்டு வைங்க சார்” என்று சீண்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டுத் தையற்காரர், இன்று காலை இவரிடம் இரண்டு படி அரிசியைப் பையில் வாங்கிக்கொண்டு முகம் பாராமல் போனார்.

தாம் சொன்னது பலித்ததில் அவருக்கு மகிழ்ச்சி இல்லை. அந்த அறையில் சேராத பொருள் ஒன்று உண்டு. மனைவிக்குச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டாக வேண்டும். மருந்துக்கடைக்காரரோ, மருத்துவர் சீட்டில் எழுதியபடி மாதம் ஒரு பாட்டிலுக்கு மேல் தந்ததே இல்லை.

“ஊசி மருந்து எவ்வளவு இருக்கு?”

“இருக்குங்க. இந்த வெயில்ல எங்கேயும் போக வேணாம், உட்காருங்க.”

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்றே அவருக்குப் பட்டது. ஊசியைக் கண்டாலே அவருக்குத் தலை சுற்றும். ஆகையால் அந்த மருந்தை வாங்குவதும், ஈரமணல் நிரப்பிய பானைக்குள் குளிர்ச்சியாக வைப்பதும், போட்டுக்கொள்வதும் அவள் பொறுப்பு. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

மருந்துக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.

“தம்பி, ஒரே ஒரு இன்சுலின் குடுப்பா. பதிலுக்கு எவ்வளவு அரிசி வேணும், சொல்லு.”

“அரிசி போட்டா மருந்து முளைக்குமா சார்? பெட்டியைப் பாருங்க, காலி. அம்மா மாசம் பொறந்தா ஒண்ணாம் தேதி கரெக்டா வந்து அவங்க பாட்டிலை வாங்கிடுவாங்க. அடுத்தது எப்ப வரும்னு எனக்கே தெரியாது.”

“வேற கடையில?”

“எங்கப்பாவுக்கு நானே அலைஞ்சுட்டு இருக்கேன் சார்.”

ஷட்டர் தரையைத் தொட்டது.

திரும்பி நடக்கையில் தமக்குத் தெரிந்த வேலைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். கிணறு தோண்டத் தெரியும். சோப்புக் காய்ச்சத் தெரியும். பழுதான பம்பைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டத் தெரியும். ஆனால் கட்டைவிரல் உயரப் பாட்டிலில் வரும் அந்த மருந்தை எந்த அடுப்பில் ஏற்றிக் காய்ச்சுவது?

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் அரிசி மூட்டையின்மேல் பொத்தென்று அமர்ந்தார்.

“கிடைக்கல. ரெண்டு வருஷத்துக்குச் சோறு இருக்கு, உனக்கு அடுத்த மாச மருந்து இல்ல. என்னத்தைச் சேர்த்து வச்சேனோ, போ.”

மனைவி சிரித்தாள். தேர்வில் முதலாவதாக வந்ததை இத்தனை நேரம் மறைத்து வைத்திருந்தவள் போன்ற சிரிப்பு அது. மூலையிலிருந்த பானையின் ஈரத்துணியை விலக்கி, கையை உள்ளே விட்டு, ஒவ்வொன்றாக எடுத்து அவர் மடியில் வைத்தாள். ஏழு பாட்டில்கள், ஒன்றின் மூடிகூடத் திறக்கப்படவில்லை.

“உங்களுக்கு மட்டும்தான் கிடங்கு பாக்கத் தெரியும்னு நினைச்சீங்களா?”

அவருக்குப் போன உயிர் திரும்பியது. ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்தில் பிடித்துத் தேதியைப் படித்தார். எதுவும் காலாவதியாகவில்லை, பழையது முன்னும் புதியது பின்னுமாக வரிசைகூடப் பிசகவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுப் பணியில் தம்கீழ் வேலை பார்த்த எவனும் இப்படியொரு கையிருப்பைக் காட்டியதில்லை.

“அடி கெட்டிக்காரி. எனக்குத் தெரியாம எந்தக் கடையில பிடிச்சே?”

“எந்தக் கடையிலயும் இல்லீங்க. நம்ம கடையில வாங்கினதுதான்.”

“அவன்தான் மாசம் ஒண்ணுக்கு மேல தர மாட்டானே. அப்புறம் ஏழு எப்படி மிஞ்சுச்சு?”

அவள் விரல்களில் ஒட்டிய மணலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். முகத்தில் பெருமிதம் சற்றும் குறையவில்லை.

“பதினாலு மாசமா பாதி ஊசிதாங்க போட்டுக்கறேன்.”